கால் டன் வண்டி கீழே விழுந்தால் யார் தூக்குவது?

ஹாஸ்டலில் பைக் பேச்சு ஆரம்பித்தால் அது எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், டாப் ஸ்பீடு என்ன, பார்க்க எப்படி இருக்கு... அப்புறம் எவனாவது ஒருத்தன் மெதுவாக மைலேஜ் கேட்பான், எல்லோரும் அவனைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பேச்சு பெரிய அட்வென்ச்சர் பைக் பக்கம் திரும்பினால் சண்டை இன்னும் சூடாகும். பிஎம்டபிள்யூ ஜிஎஸ் ஒரு கட்சி, ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின் ஒரு கட்சி, கேடிஎம் ஒரு கட்சி. மூன்றில் எதையும் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம் :-)

இந்தச் சண்டையில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. ஆள் அரவம் இல்லாத மண் பாதையில் வண்டி சாய்ந்துவிட்டது. கூட யாரும் இல்லை. இப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1980ல் பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் என்று ஒரு வண்டியை விட்டது. ஜி என்றால் கெலண்டே, அதாவது காடு மேடு. எஸ் என்றால் ஷ்ட்ராஸ, அதாவது சாலை. இரண்டும் ஜெர்மன் சொற்கள். தார் ரோட்டிலும் ஓடணும், கரடு முரடிலும் ஓடணும் என்பதுதான் எண்ணம். அதுவரைக்கும் மண் பாதைக்கு என்றால் ஒற்றை சிலிண்டர் எலும்புக்கூடு வண்டி, சாலைக்கு என்றால் பெரிய வண்டி என்று தனித்தனியாக இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கியதைப் பார்த்து அன்றைக்கு நிறைய பேர் சிரித்திருப்பார்கள். ஆனால் 1981ல் ஊபேர் ஓரியோல் அதே வம்சத்து வண்டியில் பாரிஸ்-டக்கார் ராலியை ஜெயித்துக் காட்டினார். சிரிப்பு நின்றது.

அந்த ராலியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பாரிஸில் கிளம்பி, சஹாராவைக் கடந்து, செனகல் நாட்டின் டக்கார் வரைக்கும் அன்றைக்குப் போன ஓட்டம். 1978 டிசம்பரில் முதல் ஓட்டம் தொடங்கியது. முதல் முறை ஜெயித்த சிரில் நெவ்யூ ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500, ஒற்றை சிலிண்டர்.

பிஎம்டபிள்யூவுக்கு 1984லும் 1985லும் ஜெயித்துக் கொடுத்தவர் பெல்ஜியத்துக்காரர் கேஸ்டன் ராயே. இவர் கதைதான் சுவாரசியம். ஆள் குள்ளம். நம்ம ஊரில் சராசரியாக ஓர் ஆம்பளை எவ்வளவு உயரம் இருப்பாரோ ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த வண்டியோ பிரம்மாண்டமான பெட்ரோல் டேங்க் வைத்த ராட்சசன். அதில் உட்கார்ந்தால் அவருக்கு இரண்டு காலும் தரையில் எட்டாது. வண்டியை நகர்த்திவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவது மாதிரி தாவி ஏறுவார். நிறுத்தும்போதும் அதே பிரச்சினை. மோட்டோகிராஸில் மூன்று முறை உலகச் சாம்பியன் ஆனவர் என்பதால் சமாளித்தார். அந்த வித்தை நமக்கு வராது. சிக்னலில் ஒரு காலை ஊன்றுவதற்கே பேலன்ஸ் போகிறவர்கள் நாம்.

ஹோண்டா சும்மா இருக்குமா? என்எக்ஸ்ஆர் 750 என்று போட்டிக்காகவே ஒன்றைச் செய்து 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நாலு வருஷம் கோப்பையைத் தூக்கியது. அந்தப் பெயரை விற்கத்தான் 1988ல் ஆப்ரிக்கா ட்வின் கடைக்கு வந்தது. அப்போது 650 சிசி, பிறகு 750 ஆனது. 2003ல் நிறுத்தினார்கள். 2016ல் 1000 சிசியாக மறுபிறவி, 2020ல் 1100.

கேடிஎம் கடைசியாக வந்து சேர்ந்தது. 2002 டக்காரை இத்தாலிக்காரர் ஃபாப்ரிசியோ மெயோனி கேடிஎம்மின் 950 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியில் ஜெயித்தார். அடுத்த வருஷமே 950 அட்வென்ச்சர் ஷோரூமுக்கு வந்துவிட்டது. ஆக, இன்றைக்கு ஹாஸ்டலில் சண்டை போடும் மூன்று கட்சிகளுக்கும் பூர்வீகம் ஒரே பாலைவனம்தான்.

சரி, இப்போது எடைக்கு வருவோம்.

1980ன் ஆர் 80 ஜி/எஸ்: சுமார் 190 கிலோ, 50 குதிரைத்திறன். அதன் பேரன் ஆர் 1250 ஜிஎஸ்: 249 கிலோ, 136 குதிரைத்திறன். 2023ல் வந்த ஆர் 1300 ஜிஎஸ்ஸில் ரொம்பக் கஷ்டப்பட்டு இளைக்க வைத்து 237 கிலோவுக்குக் கொண்டு வந்தார்கள், சக்தியை 145 ஆக்கினார்கள். 1100 சிசி ஆப்ரிக்கா ட்வின் 2020ல் வந்தபோது 226 கிலோ. கிளட்ச் லீவர் இல்லாத டிசிடி கியர் வேண்டுமென்றால் அதற்கு மேல் பத்து கிலோ. கேடிஎம் 1290 சூப்பர் அட்வென்ச்சர் ஆர் பெட்ரோல் ஊற்றாமலே 220 கிலோவைத் தொடும். டேங்க் 23 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் வெறும் வண்டி. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, கூடாரம், சமையல் சாமான், டூல்ஸ் எல்லாம் ஏற்றினால் முந்நூறு கிலோ பக்கம் போய்விடும்.

இந்த எடையால் நல்லதே இல்லை என்று சொல்ல முடியாது. நாலு வழிச் சாலையில் பக்கத்தில் வால்வோ பஸ் உரசிப் போகும்போது வண்டி அசையாமல் நிற்பதில் இந்தக் கனத்துக்கும் பங்கு உண்டு. பின்னால் ஒரு ஆளும் மூட்டையும் இருந்தும் நாள் முழுக்க அலுக்காமல் ஓட்டலாம். ஜிஎஸ்ஸின் ஷாஃப்ட் டிரைவும் இந்தக் கணக்குதான். செயினைவிடக் கனம். ஆனால் மழை, மண், தூசி எதிலும் செயினுக்கு எண்ணெய் போடுகிற வேலை கிடையாது. முன்பக்கம் டெலிலீவர் என்று ஒரு ஏற்பாடு: பிரேக் பிடித்தால் சாதாரண ஃபோர்க் மாதிரி மூக்கு தரையைப் பார்த்துக் குனியாது. தார் ரோட்டில் இது சொர்க்கம். மண்ணில் ஓட்டுகிறவர்கள் மட்டும் முன் டயர் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியமாட்டேன் என்கிறது என்று குறைப்படுவார்கள். இரண்டும் உண்மை.

முன் சக்கரத்திலேயே ஒவ்வொரு வண்டியின் மனசு தெரிந்துவிடும். ஜிஎஸ்ஸுக்கு 19 அங்குலம், ஆப்ரிக்கா ட்வினுக்கும் கேடிஎம் 'ஆர்' வகைக்கும் 21 அங்குலம். பெரிய சக்கரம் கல், குழி மேல் சுலபமாக ஏறி இறங்கும், மணலில் குறைவாகப் புதையும். சின்னச் சக்கரம் வளைவுகளில் சட்டென்று திரும்பும். அதாவது, 'நான் அதிகம் ரோட்டில்தான் இருப்பேன்' என்று ஜிஎஸ் நேர்மையாகவே சொல்லிவிடுகிறது. வாங்குகிறவர்கள்தான் கேட்பதில்லை. ட்ரையம்ப் டைகர், டுகாட்டி மல்டிஸ்ட்ராடா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், இந்தக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

இனி விழுகிற விஷயம். மண்ணில் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை. யூ டர்ன் போடும்போது, சரிவில் நிறுத்தும்போது, காலை ஊன்றிய இடத்தில் பள்ளம் இருக்கும்போது என்று நின்ற இடத்திலேயே விழும். சாய்வு ஒரு அளவைத் தாண்டினால் 230 கிலோவை ஒற்றைக் காலால் தடுக்கப் பார்க்கக்கூடாது. விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். வண்டியைச் சரி செய்யலாம், முழங்காலைச் சரி செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை அணைத்து, வண்டி உருளாமல் இருக்க கியரில் போட வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும் (இது நடக்கும், சிரிக்காதீர்கள்). பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை அண்டக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கச் சட்டத்தையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால் பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தரை கெட்டியாக இருந்தால் ஒல்லியான ஆள்கூட ஒரு முறை தூக்கிவிடுவார். மணலிலோ சேற்றிலோ கால் வழுக்கும். ஒரே மதியத்தில் ஐந்தாவது முறை விழுந்தால்? உடம்பில் தண்ணீர் வற்றி, கை நடுங்கி, அந்த நடுக்கத்தாலேயே ஆறாவது முறையும் விழும். ஒரு பயணம் இப்படித்தான் கெட ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் ஜிஎஸ்ஸுக்கு ஒரு கூடுதல் மார்க் போட்டே ஆக வேண்டும். அதன் பாக்சர் எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தாலும் அந்தக் காது முட்டுக் கொடுப்பதால் வண்டி முழுக்கப் படுக்காது, பாதி சாய்விலேயே நிற்கும். கனமும் கீழேயே இருப்பதால், தராசில் கனமான வண்டி தூக்கும்போது லேசாகத் தெரியும். ஆனால் பள்ளத்தில் காலை ஊன்றித் தள்ளும்போது அதே காது பின்னால் வந்து கெண்டைக்காலில் இடிக்கும்.

2004ல் நடிகர் யூவன் மெக்ரெகரும் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி நியூயார்க் வரை ஓட்டியது படமாக வந்தது. முதலில் கேட்டது கேடிஎம்மிடம். அவர்கள் மறுத்துவிட்டார்கள், பிஎம்டபிள்யூ ஆர் 1150 ஜிஎஸ் அட்வென்ச்சர் கொடுத்தது. அந்தப் படம்தான் உலகம் முழுக்க ஜிஎஸ் பைத்தியத்தைப் பரப்பியது. ஆனால் படத்தைக் கவனமாகப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் இருக்கும். மங்கோலியாவில் ரோடே இல்லை. விழுந்து எழுந்து அழுகிற நிலைக்குப் போனார்கள். கேமராமேன் கிளாடியோ வான் பிளாண்டாவின் ஜிஎஸ்ஸில் சட்டம் உடைந்துபோய் அதை லாரியில் ஏற்றினார்கள். அவருக்கு உள்ளூரில் கிடைத்தது ஒரு சிவப்பு ரஷ்ய வண்டி, இஷ் பிளானெட்டா. ஒற்றை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 350 சிசி. நம்ம பழைய யெஸ்டியின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அதுவும் மக்கர் பண்ணியது. ஆனால் அதைத் தூக்க ஒரு ஆள் போதும், ரிப்பேர் பண்ண அந்த ஊர் ஆட்களுக்கே தெரியும்.

டக்காரும் இதே பக்கம்தான் திரும்பியது. அங்கே உயிர்ச்சேதம் நிறைய. மெயோனியே 2005 ஜனவரியில் மொரிடானியாவில் ராலியின் நடுவே விழுந்து இறந்தார். வேகத்தையும் எஞ்சினையும் படிப்படியாகக் கட்டுப்படுத்தி, 2011ல் இருந்து எல்லா பைக்கும் 450 சிசிக்குள் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது டக்கார் ஸ்டிக்கரைக் காட்டி விற்ற பெரிய வண்டி எதுவும் இன்றைக்கு டக்காரில் ஓட முடியாது. விளம்பரத்தில் மட்டும் மணல் இன்னும் பறக்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த நோராலி ஸ்கூன்மேக்கர் 2018ல் டெல்லியில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கி, அதை ஓட்டிக்கொண்டே தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். 411 சிசி, சக்தி குறைவு, நெடுஞ்சாலையில் யார் வேண்டுமானாலும் முந்தலாம். செய்தது நம்ம சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில். பிறகு ஆப்ரிக்காவைக் குறுக்கே கடக்க அவர் எடுத்தது அதைவிடச் சின்னது, ஹோண்டாவின் 300 சிசி ராலி வண்டி. இத்தனைக்கும் விதவிதமான சாலைகளைப் பார்த்துவிட்ட ஆள்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது புரியாமல் இல்லை. 2017ல் பிஎம்டபிள்யூவே ஜி 310 ஜிஎஸ் என்று ஒரு குட்டி ஜிஎஸ் விட்டது. அது உலகம் முழுக்கப் போனது ஓசூர் டிவிஎஸ் தொழிற்சாலையிலிருந்து. யமஹா 2019ல் டெனெரே 700ஐ சுமார் 205 கிலோவில், அதிக எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450ன் எடை 196 கிலோ, 40 குதிரைத்திறன். மேலே போய் 1980ன் ஜி/எஸ் கணக்கை மறுபடி பாருங்கள். கிட்டத்தட்ட அதே ஆள்தான், பத்து குதிரை கம்மி. விலை வந்தபோது 2.69 லட்சம். ஆர் 1300 ஜிஎஸ் 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது 20.95 லட்சம்.

அதற்காக ஜிஎஸ் வாங்குகிறவர்கள் எல்லாம் முட்டாள் என்றில்லை. பாதிக்கு மேல் தார் ரோடு, பின்சீட்டில் மனைவி, ஒரே நாளில் 700 கிலோமீட்டர், எப்போதாவது கொஞ்சம் மண் பாதை என்றால் அதற்கு ஈடு கிடையாது. மண்ணில் நிஜமாகவே நேரம் கழிக்கப் போகிற, ஆனால் பெரிய வண்டிதான் வேண்டும் என்கிற ஆளுக்கு ஆப்ரிக்கா ட்வின். கேடிஎம் யாருக்கு என்றால், ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு. தனியாகப் போகிறவர், உயரம் ஐந்தரை அடிக்குள் என்றால் மூன்றையும் போஸ்டராக சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

நம்பிக்கை வரவில்லையா? ஷோரூமில் போய் "இதைக் கீழே படுக்க வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் செக்யூரிட்டியைக் கூப்பிடுவார்கள். தெரிந்த அண்ணன் யாராவது இப்படி ஒரு வண்டி வைத்திருந்தால், நல்ல மூடில் இருக்கும்போது, புல்தரையாகப் பார்த்து, பழைய மெத்தை ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். டேங்க் நிரம்பியிருக்கட்டும். பெட்டிகளைக் கழற்ற வேண்டாம்.