குருசுக்குப்பத்துக்கு எந்தக் கேமரா? சில குறிப்புகள்

பென்ஷன் வாங்குகிறவன் கேமரா வாங்கப் போகுமுன் விலைப்பட்டியலைப் பார்ப்பதைவிடத் தன் உடம்பைப் பார்ப்பது நல்லது. வலது தோளில் வலி. கையில் லேசான நடுக்கம். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று காத்திருக்கிறது. தரையோடு குனிந்தால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும். இந்த நாலையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகு, எத்தனை மெகாபிக்சல் என்ற கேள்வி தானாகவே கடைசிக்குப் போய்விட்டது.

*

எடை. சோனி ஏ7 நான்காம் மாடல் 658 கிராம். எல்லோரும் சிபாரிசு செய்யும் அதன் 24-70 ஜி.எம். இரண்டாம் பதிப்பு லென்ஸ் மட்டும் 695 கிராம். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கழுத்தில் தொங்கும். புதுச்சேரியின் மீனவர் குப்பமான குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரைக் காந்தி சிலை வரை போய்த் திரும்புவதற்குள் தோள் பேச ஆரம்பித்துவிடும். கல்யாண போட்டோகிராபர் அதைச் சுமக்கிறார் என்றால் அது அவர் பிழைப்பு. எனக்கு என்ன வந்தது? கேனான் ஆர்50 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 375 கிராம், அதன் 18-45 லென்ஸ் 130. மொத்தம் அரைக் கிலோதான்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். மலிவாகக் கிடைக்கிறதே என்று மருமகன் சொல்கிறார். கிடைக்கிறது. ஆனால் கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். எதையும் இறக்கவில்லை. புது லென்ஸ்கள் எல்லாம் மிரர்லெஸ் பக்கம்தான் வருகின்றன.

*

இங்கிருந்து நடந்தால் சிறிது நேரத்தில் அரவிந்தர் ஆசிரமம். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் அங்கே வந்து அரவிந்தரைப் படமெடுத்தார். அதற்கு முன் ஏறக்குறைய 30 ஆண்டுகளாக யாரையும் அவர் படமெடுக்க விட்டதில்லை. அந்த டிசம்பரில் அரவிந்தர் காலமானார். நெகட்டிவ்களை ஆசிரமம் பிறகு விலைக்கு வாங்கிக்கொண்டது. ப்ரெஸோன் வாழ்நாளெல்லாம் வைத்திருந்தது கைக்கடக்கமான லைக்காவும் பெரும்பாலும் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸும். இன்றைய கணக்கில் அந்தப் பார்வை வேண்டுமென்றால், ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில் 35 எம்.எம்., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 எம்.எம். லென்ஸ் போட்டால் போதும். இரண்டுமே உள்ளங்கையில் அடங்கும் சின்ன லென்ஸ்கள்.

எனவே முதலில் லென்ஸ், அப்புறம்தான் பாடி. கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

*

கண். டி.எஸ்.எல்.ஆரின் உள்ளே இருக்கும் ஆடி மிரர்லெஸ்ஸில் கிடையாது. வியூஃபைண்டருக்குள் இருப்பது ஒரு குட்டித் திரை. படம் எப்படி விழப்போகிறதோ அப்படியே முன்னதாகக் காட்டிவிடும். இருட்டாக விழுமா, வெளுத்துப் போகுமா என்பது பட்டனை அமுக்குமுன்பே தெரியும். என் வயதுக்கு இது பெரிய வசதி. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், டயாப்டர். அதைத் திருப்பி நம் கண்ணுக்குச் சரிசெய்துகொள்ளலாம். கடையில் வாங்குமுன் இதைத் திருப்பிப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது. மெனு எழுத்தையும் மூக்குக்கண்ணாடியோடும் அது இல்லாமலும் படித்துப் பார்க்க வேண்டும். திரை வெளியே மடங்கித் திரும்பினால் வலையின் மட்டத்துக்குக் குனிய வேண்டியதில்லை, இடுப்புயரத்தில் பிடித்தபடியே எடுக்கலாம்.

*

உப்பு. இதுதான் குருசுக்குப்பத்தின் விசேஷக் கேள்வி, சென்னை வேளச்சேரியில் இருப்பவருக்கு இது கிடையாது. துறைமுக அலைத்தடுப்பு 1980-களின் இறுதியில் வந்தபின் வடக்கே மணல் வருவது நின்று கரை அரித்துப்போனது. மணலுக்குப் பதில் கருங்கல்தான். கல்லில் அலை மோதும்போது சாரல் நேரே முகத்துக்கு வருகிறது, மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகக் காய்கிறது. கேமராவிலும் அப்படித்தானே காயும்?

எதிர் வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அவரிடம் ஒரு ஃபோக்கா இருக்கிறது, பிரான்சில் செய்த கேமரா. தோலுறைக்குள் வைத்து, பீரோவுக்குள் பூட்டி, பொன்போலக் காத்தார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: உள்ளே சிலந்திவலை மாதிரி பூஞ்சை. தோலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பூட்டிய பீரோவில் காற்றோட்டமும் இல்லை.

ஆகவே கேமராவோடு சேர்த்தே ஒரு ட்ரை கேபினெட். ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும். அது கட்டுப்படியாகாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி. மாடியில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்கள் தரைத்தளத்தில் எதையும் வைக்க மாட்டார்கள்.

கரையில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் உலர்ந்த துணி.

*

சாரலுக்கு அஞ்சுகிறவனுக்கு ஓ.எம். சிஸ்டம் ஓ.எம்-5 கண்ணில் படுகிறது: 414 கிராம், தண்ணீர்ச் சாரலையும் தூசியையும் தாங்க ஐ.பி.53 தரம். லென்ஸும் அதேபோல் அடைப்பு உள்ளதாக இருந்தால்தான் அந்தத் தரம் செல்லும். கை நடுக்கத்தைச் சமாளிக்கச் சென்சாரே அசைந்து கொடுக்கும் ஏற்பாடு பாடிக்குள் இருக்கிறது. ஆர்50-இல் அது கிடையாது, லென்ஸில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஒன்று: ஸ்டெபிலைசேஷன் நம் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், எதிரே இருப்பவரின் அசைவை அல்ல. விடியுமுன் நாலு பேர் ஃபைபர் போட்டைத் தள்ளும்போது அரை செகண்ட் ஷட்டர் போட்டால் கல் கூர்மையாகவும் ஆட்கள் புகையாகவும் வருவார்கள். அவர்கள் முகம் வேண்டுமென்றால் எஃப்1.8 லென்ஸும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும் துணிச்சலும் வேண்டும். அங்கே பெரிய சென்சாருக்கு லாபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் என் ஓட்டு ஓ.எம்-5-இன் சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்குத்தான். சாரல் தினமும் அடிக்கிறது; இருட்டில் போட் தள்ளுவதை எடுக்க நான் தினமும் எழுந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

சர்வீஸ் எங்கே என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வாரண்டி இல்லாமல் உப்புக்காற்றோடு சூதாட எனக்குத் தெம்பில்லை. பாரிஸிலிருந்து மகள் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள். அதற்கும் இதே பதில்தான்.

*

பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. அடுத்து எது போகும் என்று தெரியாது, ஆகவே விலை குறையட்டும் என்று காத்திருப்பதில் ஒரு அளவு வேண்டும். மாசி மகத்துக்கு முன் கையில் இருந்தால் நல்லது. வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரச் சாமிகள் வந்து இறங்கும் நாள் அது. அந்த நெரிசலில் பெரிய கேமராவைத் தூக்கிப் பிடிக்கவும் இடமிருக்காது.

*

வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் கேமரா வாங்கப் போவதைச் சொன்னேன். "எடுத்துட்டு என்னா சார் பண்ணுவ? எங்களுக்குக் குடுப்பியா?" என்றார். போனில் அனுப்புகிறேன் என்றேன். "போன்ல ஆயிரம் கெடக்குது. பிரிண்ட் போட்டுக் குடு."

12-க்கு 18 அங்குலப் பிரிண்டுக்கு 20 மெகாபிக்சலே தாராளம். பட்ஜெட்டில் இரண்டாவது லென்ஸை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பிரிண்ட் செலவு என்று எழுதியிருக்கிறேன்.