பூச்சுக்கு அடியில்

பளபளப்பான எனாமல் பூச்சு மரத்தின் குறைகளை மறைத்துவிடும் என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. பளபளக்கும் பரப்பு கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மங்கிய பரப்பில் புலப்படாத சிறு பள்ளமும் அதில் பெரிதாகத் தெரியும். வழவழப்பு பெயிண்ட் டப்பாவில் இல்லை. பூசுவதற்கு முந்திய உழைப்பில் இருக்கிறது.

பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் மாமர அலமாரி ஒன்று உண்டு. காய்ப்பு ஓய்ந்த எங்கள் தோட்டத்து மரத்தை அறுத்துத் தந்தையார் செய்வித்தது. தாயார் நாற்பது ஆண்டுகள் அதில் துணிமணிகளை அடுக்கி வைத்திருந்தார். வீட்டில் விசேஷம் வரும்போதெல்லாம் அதன்மேல் ஒரு பூச்சு ஏறும்: பச்சை, அதன்மேல் நீலம், மீண்டும் பச்சை. தாயார் மறைந்த பின்னர் அந்தப் பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. விறகுக்குப் போட்டுவிடலாம் என்றனர் உறவினர். என் மகளோ, "அப்பா, பாட்டியின் அலமாரியை எனக்குக் கொடுங்கள், பிள்ளையின் துணிகளை வைத்துக்கொள்கிறேன்" என்றாள். பேரனுக்கு அப்போது தவழும் பருவம். கையில் எது கிடைத்தாலும் வாய்க்குக் கொண்டுபோவான்.

அங்கேதான் தயக்கம் எழுந்தது. நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் பழங்கால எனாமல்களில் ஈயச் சேர்மங்களைக் கலந்து வந்தனர். வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்னும் இந்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை. பழையதன்மேல் புதிதாகப் பூசினால் பழையது உதிரும்போது புதியதும் சேர்ந்து உதிரும். உலர்ந்தபடியே தேய்த்தால் நஞ்சு தூசியாகி வீடெங்கும் பரவும். தீயால் சுட்டு உரித்தால் புகையாகும்.

வயது முதிர்ந்த ஆசாரியார் ஒருவரை அழைத்தேன். "ஐயா, பழசு போகாமல் புதுசு நிற்காது" என்றார் அவர். பிள்ளையை உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு இட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பலகையை நீரால் நனைத்து நனைத்துச் சுரண்டினார். உதிர்ந்தவற்றைத் தோட்டத்தில் கொட்டாமலும் எரிக்காமலும் பையில் கட்டி அகற்றினோம். தரையை ஈரத்துணியால் துடைத்தோம்.

மரம் நன்கு காய்ந்த பிறகு உளுத்த பகுதிகளை வெட்டி எடுத்து ஒட்டுக் கட்டை பொருத்தினார். பின்னர் உப்புத்தாள்: 80, 120, 220 என எண் கூடக்கூட அதன் மணல் நுண்மையாகும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழும் கீறல் கடைசிப் பூச்சிலும் தெரியும். ஆணித் துளைகளை மக்கு வைத்து அடைத்தார். மக்கு காயும்போது சுருங்குவதால், ஒரே தடவையில் திணிக்காமல் மெல்லிய அடுக்குகளாக இட்டார். பிரைமர் பட்டதும் மரத்தின் நார்கள் நிமிர்ந்து நிற்கும், மீண்டும் தேய்த்தார்.

தஞ்சாவூர் ஓவியங்களுக்குப் பலகைப் படம் என்றும் பெயருண்டு. அவற்றிலும் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்துப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய பின்னரே ஓவியர் தூரிகையை எடுப்பார். பார்ப்பவர் கண்ணுக்குப் பொன்னும் வண்ணமும்தான் படுகின்றன. அவற்றைத் தாங்கும் தளம் படுவதில்லை.

பூசும் வேலைக்குக் காலமும் வாய்க்க வேண்டும். எனாமல் வெறுமனே ஆவியாகி உலர்வதன்று; காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே இறுகுகிறது. தடிமனாகப் பூசினால் மேலே ஆடை படர்ந்து, அடியில் ஈரம் தங்கிச் சுருங்கும். சித்திரை வெயிலில் தூரிகைத் தடம் சமன்படுமுன் பூச்சு இழுத்துக்கொள்ளும். ஆடிக் காற்று புழுதியை அள்ளி வந்து ஒட்டும். ஐப்பசி மழையில் ஈரம் விடாது. தை மாதத்துக்காகக் காத்திருந்தோம். டர்பன்டைன் கலந்து மெல்லியதாக ஒரு பூச்சு. முழுதும் உலர்ந்தபின் 320ஆம் எண் தாளால் இலேசான தேய்ப்பு. தூசியைத் துடைத்து மறு பூச்சு. அவ்வளவே.

இன்று அந்தக் கதவில் சாளரத்தின் நிழல் வளையாமல் விழுகிறது. திருவிழா நெருங்கும்போது ஆலயத்துப் பழைய பெஞ்சுகள்மேல் அவசரமாக இன்னொரு பூச்சு ஏற்ற எண்ணுவோர், அவற்றின் விளிம்பைப் பற்றி நிற்கும் சிறு பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

மூத்தோர் நமக்கு விட்டுச் செல்வதில் உறுதியான மரம் உண்டு. அறியாமல் அதன்மேல் ஏறிய நஞ்சும் உண்டு. இரண்டையும் ஒன்றாக எரிப்பது நன்றியின்மை. இரண்டையும் சேர்த்து மூடிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது அன்பாகாது. பொறுமையோடு பிரித்து, மரத்தை மட்டும் கையளிப்பதே நம் தலைமுறையின் கடமை.