பந்தும் பிறந்த தேதியும்



மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்குக் கால்பந்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அஸருக்குப் பின் திடலில் ஓடியாடும் பிள்ளைகளே மஃரிபுக்குப் பின் எங்கள் முன் ஓத அமர்கின்றனர். முழங்காலில் ஒட்டிய மண் உலர்ந்திராது. அன்று வென்றார்களா தோற்றார்களா என்பது ஓதும் குரலிலேயே தெரிந்துவிடும். ஆகவே, திடலில் அவர்களை வளர்ப்பவர் யார், எவ்வாறு வளர்க்கிறார் என்பது எங்களுக்கும் உரிய கேள்விதான்.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் நன்றாக ஆடுவான். வெளியூரில் உள்ள ஒரு பயிற்சி நிலையம் 13 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் தெரிவு செய்வதாகவும், "வயதைச் சரிசெய்து" சான்றிதழ் கொண்டுவரும்படி அங்குள்ளவர் கூறியதாகவும் சொன்னார். பையனுக்கு அப்போது 14 வயது நிறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிழையாக இருப்பதைச் சரியாக்குவதற்கே சரிசெய்தல் என்று பெயர். இங்கே சரியாக இருந்த ஒன்றைப் பிழையாக்கும் வேலைக்கு அப்பெயர் சூட்டப்பட்டிருந்தது. "எல்லாரும் செய்றாங்க ஹஜ்ரத், ஒன்றரை வருஷந்தானே" என்றார். செய்யலாமா கூடாதா என்று அவர் கேட்கவில்லை. பிள்ளை தெரிவாக வேண்டும் என்று துஆ செய்யத்தான் கேட்டார்.

பையன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். வாப்பா வண்டியை எடுக்கச் சென்றதும் உள்ளே வந்து, "ஹஜ்ரத், அங்கே ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு வயசு கேப்பாங்களாம். நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டான்.

பெரியவர்கள் காகிதத்தில் ஓர் எண்ணை மாற்றுகின்றனர். அதைத் தன் நாவால் சொல்லிச் சுமக்க வேண்டியவன் பிள்ளை. ஒருமுறை சொன்னால் முடிந்துவிடுவதும் இல்லை. தோழர்களிடமும், அணித்தலைவனிடமும், தன்னைவிட உண்மையிலேயே இளையவனாக இருந்து இடத்தை இழந்த பையனிடமும் ஆண்டுக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பொய் சொல்லாதே என்று நாம் மக்தபில் ஓதிக் கொடுக்கும் பாடம், அவ்வளவு பெரிய பொய்யின் முன் எப்படி நிற்கும்?

அவனுக்கு அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். உஹதுப் போரின்போது அவர்களுக்கு வயது 14. படையில் சேர முன்வந்தும் நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது 15 வயது, அப்போது அனுமதித்தார்கள். இதை நமக்கு அறிவித்தவர் இப்னு உமர் அவர்களேதாம். தாம் திருப்பி அனுப்பப்பட்டதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். பிற்காலத்தில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இச்செய்தியைக் கேட்டு, சிறுவருக்கும் பெரியவருக்கும் இடையிலான எல்லையாக அதை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் உடலுக்கு ஒரு பருவம் உண்டென்பதை மதித்த அறிவிப்பு இது. காத்திருக்க வைக்கப்பட்டதால் இப்னு உமர் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதையும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அந்த வணிகரைக் கண்டித்ததையும் நீங்கள் ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மேலே உலர்ந்த சான்றிதழ், அடியில் ஈரமான உண்மை. வணிகத்துக்கு ஒரு சட்டமும் திடலுக்கு வேறொரு சட்டமும் நம் மார்க்கத்தில் இல்லை.

இடையே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வாப்பாமார் தலைமுறையில் பலருக்குப் பள்ளிப் பதிவேட்டின்படி பிறந்த மாதம் ஜூன்தான். பிறந்த நாள் எவருக்கும் நினைவில்லாததால் தலைமையாசிரியர் பார்த்து எழுதிய தேதி அது. அறியாமல் நேர்ந்த அதையும், அறிந்தே செய்யும் இதையும் ஒன்றாக்கி, "அந்தக் காலத்தில் செய்யவில்லையா?" என்று கேட்பது முறையன்று.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அன்று. 2015ஆம் ஆண்டு தில்லியில், மன்சூர் அலி கான் பட்டோடி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்திய ராகுல் திராவிட், இளையோர் கிரிக்கெட்டில் வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கத்தை மிகக் கடுமையாகச் சாடினார். பிள்ளைக்கு முதலில் ஏமாற்றைக் கற்றுக்கொடுப்பவர்கள் அவனுடைய பெற்றோரும் பயிற்சியாளருமே என்பது அவர் கவலையின் சாரம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடுகிறது. 2020ஆம் ஆண்டு, தாமாக முன்வந்து உண்மையைச் சொல்லும் வீரர்களுக்குத் தண்டனை இல்லை என்றும், மறைத்துப் பிடிபட்டால் இரண்டாண்டுத் தடை என்றும் அறிவித்தது. தாளில் எழுதியதை எலும்பு ஒப்புக்கொள்வதில்லை. மறுமையில் உறுப்புகள் சாட்சி சொல்லும் என்று நம்புகிற சமுதாயத்துக்கு இது புதிய செய்தியன்று.

உலகக் கணக்கில் பார்த்தாலும் இது நட்டமே. 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் பிள்ளைகளின் உயரமும் எடையும் ஓட்டமும் பெரிதும் மாறுகின்றன. மூத்தவனை இளையவர்களோடு ஆடவிட்டால் அவன் தோளால் தள்ளியே வென்றுவிடுவான். பந்தைக் கட்டுப்படுத்தவும் இடமறிந்து நிற்கவும் கற்கவேண்டிய தேவையே எழாது. சில ஆண்டுகளில் மற்றவர்களும் வளர்ந்து தோள் சமமாகும்போது அவன் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. போதாக்குறைக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, பாஸ்போர்ட்டில் ஒரு தேதி. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை.

அந்தத் தகப்பனாரோடு இரண்டு முறை அமர்ந்து பேசினோம். முதல் முறை கோபத்தோடுதான் எழுந்து சென்றார். "உங்க புள்ளையா இருந்தா தெரியும்" என்றார். அந்தச் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. அவருடைய வருமானத்தில், மகன் விடுதியோடு கூடிய பயிற்சிக்குத் தெரிவாவது சிறிய செய்தியன்று. இரண்டாம் முறை, பையன் நம்மிடம் கேட்ட கேள்வியை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். வெகுநேரம் பேசாதிருந்தார். அந்தத் தெரிவுக்கு அவர்கள் செல்லவில்லை. அந்த இடம் போயிற்று. அதற்கு ஈடாக வேறொன்று உடனே வந்துவிடவும் இல்லை. பையன் இப்போது உள்ளூரில் 15 வயதுக்குட்பட்டோரோடு ஆடுகிறான். அவ்வணியில் அவனே குள்ளம். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரனாக வெளியே அமர்ந்திருக்கிறான். வாப்பா மட்டும் தவறாமல் ஆட்டம் பார்க்கப் போகிறார்.

பயிற்சியாளர் என்பவர் திடலின் உஸ்தாத். அவருக்கான முன்மாதிரியும் ஸீராவிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்று மெலிந்த குதிரைகளுக்கு நெடுந்தொலைவையும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுகிய தொலைவையும் வகுத்தார்கள். அப்பந்தயத்தில் ஓட்டியவர்களுள் அதே இப்னு உமர் (ரழி) அவர்களும் ஒருவர். வலிமைக்கு ஏற்பப் பிரிப்பதே நீதி என்பதால்தான் இன்று வயதுப் பிரிவுகள் உள்ளன.

அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகியபோது, நபியவர்கள் ஊக்கமூட்டி, தாம் ஒரு சாராருடன் இருப்பதாகக் கூறினார்கள். மறுசாரார் கையை நிறுத்திக்கொண்டனர். தாங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்று கேட்டனர். உடனே, தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறித் தொடரச் செய்தார்கள். தம் மகனுக்கும், கட்டணம் கூடுதலாகக் கட்டுபவரின் மகனுக்கும் முதலிடம் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். திராவிட் பயிற்றுவித்த 19 வயதுக்குட்பட்டோர் அணி 2018இல் உலகக் கோப்பையை வென்றபோது, அவருக்கு 50 லட்சமும் உடன் உழைத்த உதவியாளர்களுக்கு 20 லட்சமும் அறிவிக்கப்பட்டன. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டு, தம் தொகை பாதியாகி அனைவருக்கும் 25 லட்சமாகும்படி செய்தார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் இந்த நடத்தையைச் சொல்லிக் காட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நாள் திடலோரம் நின்று பாருங்கள். தோற்ற பிள்ளையிடம் அவர் என்ன பேசுகிறார், நடுவரை ஏமாற்றி விழுந்தவனைத் தட்டிக்கொடுக்கிறாரா கண்டிக்கிறாரா, மஃரிப் பாங்கு கேட்டால் பந்தை நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். கட்டணத்தைப் பிறகு விசாரிக்கலாம்.

அடுத்த தெரிவுகள் தொடங்கவிருக்கின்றன. பள்ளிச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் தேதி உண்மையாகவே மாறியிருக்கும் குடும்பங்கள், இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மதரஸாவுக்கு வரலாம். முறைப்படி திருத்துவதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கிறோம்.