மரத்துப்போகும் ஊசியும் ஓர் இலவச இணைப்பும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பக்தர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். கண்ணாடிச் சில்லு காலில் ஏறி ஆழமாகக் கிழித்துவிட்டால், தையல் போடுவதற்கு முன் ஒரு ஊசி உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் லிக்னோகெய்ன். 1943-ல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பது அதன் வேலை.

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், அதற்கு இன்னொரு குணமும் உண்டு. பாக்டீரியா வளர்வதையும் அது தடுக்கும்! 1970-லேயே ஷ்மிட், ரோசன்கிரான்ஸ் என்ற இருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கிருமியின் மேல்சவ்வை மருந்து குலைத்துவிடுகிறது என்பதுதான் முக்கியமாகச் சொல்லப்படும் காரணம்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் மாதிரி, நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். சீழ் பிடித்த புண்ணில் என்ன கிருமி என்று கண்டுபிடிக்க கல்ச்சர் டெஸ்ட்டுக்கு எடுப்பார்கள். அதில் இந்த மருந்தும் கலந்துவிட்டால், இருக்கிற கிருமியே வளராமல் போகலாம். "கிருமி இல்லை" என்று ரிசல்ட் வந்தால் என்ன ஆகும்? அதுவும் சர்க்கரை நோயாளியின் கால் புண் என்றால்? ஊசி போடுவதற்கு முன்பே சாம்பிள் எடுப்பது நல்லது.

அடுத்தது பிரசவ வலி. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல் முறை. ஆபரேஷன் என்றால் புபிவகெய்ன் 0.5 சதவீதம் வரை கொடுப்பார்கள். பிரசவத்தில் அவ்வளவு கொடுத்தால் காலை அசைக்க முடியாது. அதனால் 0.1 சதவீதம் அளவுக்குக் குறைத்து, மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்க்கிறார்கள். இது அபின் குடும்பத்து வலிநிவாரணி. வலியும் குறையும், காலும் அசையும். இது வரவு.

செலவுப் பக்கம் என்ன? கிருமியைத் தடுக்கும் சக்தி புபிவகெய்னின் அளவைப் பொறுத்தது. அளவு குறைந்தால் அந்த சக்தியும் குறையும். கூட வந்த ஃபென்டனில் அந்தக் குறையை ஈடுகட்டாது. அந்தச் சிறிய அளவில் கிருமியை எதிர்க்கும் வேலை அதனால் ஆகாது. இரண்டு மருந்து சேர்ந்தால் பாதுகாப்பும் இரண்டு மடங்கு என்று நினைத்தால் கணக்கு இடிக்கும்.

எபிடியூரல் குழாய் வழியாகக் கிருமி போய்ச் சீழ் கட்டுவது அபூர்வம்தான். ஆனால் கட்டினால் கால்களே செயலிழக்கும் அபாயம் உண்டு. அதனால் கையுறை, முகக்கவசம், தோலைச் சுத்தம் செய்யும் மருந்து, இவைதான் உண்மையான காவல். இலவச இணைப்பை நம்பி யாரும் கை கழுவாமல் இருக்க முடியாது.