மலைக்கிராமத்தில் அரை மணித்தியாலத் தண்ணீர்

சோஹார் என்றால் எம்மவர்களில் பலருக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஓமான் நாட்டின் வடக்கே, மஸ்கற்றிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ள கடற்கரைப் பட்டினம் அது. சிந்துபாத் பிறந்த ஊர் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1980இல் ரிம் செவரின் என்ற அயர்லாந்து வாழ் பயணி, ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த ஒரு பாய்க்கப்பலில் ஓமானிலிருந்து சீனா வரை போனார். அந்தக் கப்பலுக்கு 'சோஹார்' என்று பெயர் வைத்தார்கள். போகிற வழியில் அது எங்கள் காலித் துறைமுகத்திலும் தங்கியது.

இன்றைய சோஹார் வேறு. 2004இல் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னால் அலுமினியம், இரும்பு, எண்ணெய் சுத்திகரிப்பு என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. அந்தப் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில்தான் நாங்கள் நான்கு பேரும் வேலை செய்கிறோம். ஒரே அறை, ஒரே சமையல். இருவர் வன்னி, இருவர் வலிகாமம் வடக்கு. நால்வரும் பிறந்ததோ வளர்ந்ததோ அகதி முகாமிலும் இரவல் காணியிலும்தான். பள்ளிப் படிப்பு சாதாரண தரத்தோடு நின்றது.  நாங்களும் தொழில் விசாவில் வந்தவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. கடற்கரையும் சந்தையும் பார்த்து முடிந்தபின், மேற்கே தெரிகிற மலைகளைப் பார்க்க ஆசை வந்தது. ஹஜர் மலைத்தொடர் என்பது அதன் பெயர். வெறும் கறுப்புக் கல். ஒரு மரம் கண்ணில் படாது. ஆனால் ஐயாயிரம் வருடங்களுக்கு முன்பே ஆட்கள் இங்கே செம்பு வெட்டி உருக்கி, கப்பலில் மெசொப்பொத்தேமியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகன் நாடு என்று பழைய களிமண் எழுத்துகளில் சொல்லப்படுவது இந்தப் பிரதேசம்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

நாங்கள் போனது வாதி ஹிபிப் பக்கம். வாதி என்றால் மழைக்கு மட்டும் ஓடுகிற காட்டாறு. தார் றோட்டு முடிந்ததும் கல்லுப் பாதை. சாதாரணக் கார் போகாது. வேலைத்தலத்து நண்பர் ஒருவரின் போர்வீல் வாகனத்தில், பெற்றோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு போனோம். வானம் கறுத்திருந்தால் அந்தப் பக்கம் போகவே கூடாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் எரியும், மேலே எங்கோ பெய்த மழை சுவர் போல வந்து வாகனத்தை அடித்துக்கொண்டு போகும். 2024 ஏப்ரலில் ஓமானில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகளே வாகனத்தோடு இழுபட்டு இறந்தார்கள். வெள்ளம் ஓடும் வாதியை வாகனத்தில் கடப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

மலை மடிப்பில் திரும்பியதும் திடீரென்று பச்சை. ஈச்சை மரங்கள், எலுமிச்சை, மாமரம், வாழை, கீழே மாட்டுக்குப் புல். சுற்றிவரக் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய இருபது முப்பது வீடுகள். அவற்றில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. இளம் ஆட்கள் சோஹாருக்கும் மஸ்கற்றுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தைப் பார்ப்பது பெரும்பாலும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். மரத்தைப் பார்க்கும் ஆளுக்குப் பீதார் என்று பெயர். முன்பு அவருக்குக் கூலி காசல்ல, விளைந்த ஈச்சம்பழத்தில் ஒரு பங்கு.

ஊரில் நின்ற ஒரு வயோதிபரிடம் சலாம் சொல்லி, உள்ளே வரலாமா என்று உடைந்த ஹிந்தியில் கேட்டோம். உடனே பாய் விரித்து இருத்தினார். முதலில் ஈச்சம்பழம், பிறகு ஏலக்காய் போட்ட கஹ்வா. வலது கையால்தான் வாங்க வேண்டும். போதும் என்றால் வாயால் சொல்வதில்லை, சின்னக் கோப்பையை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அவரிடம் நாங்கள் கேட்டறிந்த விடயம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

அந்த ஊரின் சொத்து நிலமல்ல, தண்ணீர். வாதியின் மேற்பகுதியில் தடுத்து, மலையோரமாகச் சின்ன வாய்க்கால் கட்டித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்குப் பலஜ் என்று பெயர். வாதியிலிருந்து எடுப்பது ஒரு வகை, ஊற்றிலிருந்து எடுப்பது ஒரு வகை, நிலத்துக்கடியில் மைல் கணக்காகச் சுரங்கம் வெட்டி எடுப்பது மூன்றாவது வகை. ஓமானில் சுமார் மூவாயிரம் பலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. இவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

வாய்க்கால் ஊருக்குள் வரும் முதல் இடம் குடிதண்ணீருக்கு. அங்கே கை கழுவவும் கூடாது. அதற்குக் கீழே தொழுகைக்குக் கழுவுமிடமும் குளிக்குமிடமும். அதன் பின்தான் தோட்டம். தோட்டத்துத் தண்ணீர் நேரத்தால் அளக்கப்படுகிறது. அரை மணித்தியாலம் ஒரு 'அதர்'. 24 அதர் சேர்ந்தால் ஒரு 'பாத்தா', அதாவது பன்னிரண்டு மணித்தியாலம். பகலில் நட்ட கம்பின் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து நேரம் கணித்தார்கள். இப்போது பல ஊர்களில் கைக்கடிகாரம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அதர், இன்னொன்றுக்கு அரை அதர் என்று பங்கு உண்டு. இதை விற்கலாம், வாடகைக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம். பல இடங்களில் நிலத்தை விற்றுவிட்டுத் தண்ணீர்ப் பங்கை வைத்திருக்கவும் முடியும். சில பங்குகள் பலஜுக்கே சொந்தம். அவற்றை ஏலம் விட்டு வரும் காசில் வாய்க்காலைத் திருத்துவார்கள்.

பெரியவருக்கு ஆறு பிள்ளைகள். ஒருவரும் ஊரில் இல்லை. ஆனால் யாருக்கு எத்தனையாவது நாள், எந்த நேரம், எவ்வளவு தண்ணீர் என்று மனப்பாடமாகச் சொன்னார். ஈச்சம்பழம் பறிக்கும் கோடை காலத்தில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து நிற்பார்களாம். வீடு பூட்டிக் கிடந்தாலும் பங்கு பூட்டிக் கிடக்கவில்லை.

நாங்களும் அங்கே ஒரு துண்டு வாங்கலாமா என்று எங்களில் ஒருவர் பகிடியாகக் கேட்டார். முடியாது. 2018இல் வந்த அரச ஆணைப்படி விவசாய நிலத்தையும், ஜெபல் அக்தர், ஜெபல் ஷம்ஸ் போன்ற மலைப் பகுதிகளையும், எங்களுக்குப் பக்கத்து லிவா, ஷினாஸ் பிரதேசங்களையும் வெளிநாட்டவர் வாங்க முடியாது. உழைக்க வந்தவர் உழைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்களுக்கு அதில் மனவருத்தம் இல்லை. எங்களுக்குக் காணி வேறிடத்தில் இருக்கிறது.

திரும்பி வரும்போது அதைப் பற்றித்தான் கதைத்தோம். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கு எல்லை எழுதிய பிறகு, கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் என்று ஒரு வரி வரும். பங்குக் கிணற்றில் இறைப்பு முறை வைத்துத் தண்ணீர் எடுத்தவர்கள் நாங்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்த தேசவழமையின்படி, பங்குக் காணியை வெளியாருக்கு விற்கமுன் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். ஓமான் மலையில் கண்டது எங்களுக்குப் புதிதல்ல, நாங்கள் கைவிட்டுக்கொண்டிருப்பது.

எங்களில் ஒருவருடைய குடும்பம் 1990 ஆனியில் மயிலிட்டிப் பக்கத்திலிருந்து எழும்பியது. இருபத்தேழு வருடம் கழித்துக் காணியில் ஒரு பகுதியைப் பார்க்க விட்டபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, கிணறும் தூர்ந்திருந்தது. ஆனால் அவருடைய அம்மா உறுதியைப் பொலித்தீனில் சுற்றி ஒவ்வொரு இடப்பெயர்விலும் கொண்டு திரிந்தார். அதைக் காட்டித்தான் எல்லையை நிறுவினார்கள். பக்கத்துக் காணிக்காரர் குடும்பம் வெளிநாட்டில். உறுதி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். வாடகை, பள்ளிக்கூடம், வேலை என்று தலைக்கு மேல் அலுவல் இருக்கும்போது ஊர்க் காணியை யோசிக்க நேரம் வராது. ஆனால் காலம் காத்திருக்காது. இலங்கைச் சட்டப்படி ஒருவர் பத்து வருடம் தடையின்றி உரிமைக்காரர் போல ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன் கீழ் வழக்கு வைக்கக் கொடுத்த இரண்டு வருடமும் எப்போதோ முடிந்துவிட்டது. 2025 மார்ச்சில் வடமாகாணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பற்றி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள் என்று வர்த்தமானி வெளிவந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின்தான் அது நிறுத்தப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் வெளிநாட்டிலிருந்து எத்தனை பேரால் உறுதி தேடி எடுத்திருக்க முடியும்?

ஆகவே, உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், எடுத்து வையுங்கள். ஊரில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். ஆனால் விற்கும் அதிகாரம் சேர்ப்பதா இல்லையா என்று யோசித்து எழுதுங்கள். வன்னியில் உறுதி இல்லாமல் அனுமதிப்பத்திரத்தில் காணி உள்ளவர்கள் பின்னுரித்தாளரின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லைக்கல் இருக்கிறதா, வரி கட்டுப்படுகிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு நாட்டின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் போதாது. காணியின் பெயர், எத்தனை பரப்பு, கிணற்றில் எத்தனை பங்கு, கிழக்கு எல்லை யார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் அங்கே போய் இருப்பார்களா என்பது அவர்கள் விருப்பம். பங்கு யாருடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.