பதினான்கு சென்டிமீட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. ஜீப் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களும், அப்படி ஒரு வண்டி வாங்கிய கையோடு சக்கரத்தை மாற்றத் துடிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் மாப்பிள்ளை தார் வண்டி வைத்திருக்கிறார். போன ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, கோயம்புத்தூரில் ஒரு கடையில் நான்கு சக்கரங்களையும் மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கறுப்பு ரிம், பல் பல்லாகப் பெரிய டயர். வண்டியே ஒரு சுற்றுப் பெருத்தது போலத் தெரிந்தது.

"எப்படிங்க அத்தை இருக்குது?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றேன். விலையை மகள் காதோடு சொன்னபோது பகீரென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டியவள்தான். மாப்பிள்ளையிடம் ஒரு சொல் சொல்வதற்கு நூறு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆடியில் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். காரவள்ளியில் இருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே சில வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரம் எதிலோ உரசி 'கர்ர்' என்றது. "புது டயருங்க அத்தை, பழகிரும்" என்றார்.

இறங்கும்போது லேசான தூறல். ஒரு வளைவில் கீழிருந்து பேருந்து ஏறி வந்தது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வண்டி அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், பேருந்தின் முகப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்சீட்டில் பேரனும் பேத்தியும் என் மடியில் கை வைத்திருந்தார்கள். அடிவாரம் வரும்வரை யாரும் பேசவில்லை.

அன்று நடந்தது எல்லாம் டயரால்தான் என்று சொல்ல மாட்டேன். ஈரம், இறக்கம், வேகம் மூன்றும் சேர்ந்திருந்தன. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து போய்ப் பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்: 255/65 R18. புதியதில் 285/75 R16. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

இந்த எண்களைப் படிப்பது எளிது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, ரிம்முக்கு வெளியே தெரியும் ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 255-இல் 65 சதவீதம் 165.75. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 331.5. ரிம் 18 அங்குலம் என்றால் 457.2 மில்லிமீட்டர். கூட்டினால் பழைய சக்கரத்தின் விட்டம் 788.7. இதே போலப் புதியதற்குப் போட்டால் 833.9. ரிம் சிறியதாகியும் சக்கரம் பெரிதாகிவிட்டது. விட்டம் கூடினால் சுற்றளவும் அதே விகிதத்தில் கூடும். ஏறக்குறைய 5.7 சதவீதம்.

வண்டி உயர்ந்தது எவ்வளவு தெரியுமா? விட்டம் கூடியதில் பாதி. 22.6 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம்கூட இல்லை.

இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனைக் கூப்பிட்டேன். டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. மகள் வண்டியை மெதுவாக உருட்ட, டயரின் கோடு மறுபடி தரைக்கு வந்த இடத்தில் இன்னொரு கோடு. டேப் வைத்து அளந்தோம். 2 மீட்டர் 55 சென்டிமீட்டர். வண்டிப் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கும் என்பதால் தாளில் போட்டதைவிடச் சற்றுக் குறைவு.

மாப்பிள்ளை காப்பி டம்ளரோடு வந்து நின்றார். "என்னங்க அத்தை, பாடம் நடக்குதா?"

பேரனைப் பார்த்துத்தான் பேசினேன். "வண்டிக்கு வேகம் எப்படித் தெரியும் கண்ணு? சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுதுன்னு எண்ணித்தான் மீட்டர் காட்டும். சக்கரத்தை மாத்தினது அதுக்குத் தெரியாது. முன்னே சரியா காட்டிச்சுன்னு வெச்சுக்க. இப்ப மீட்டர்ல 80 இருந்தா நிஜத்துல கிட்டத்தட்ட 84 அரை."

கம்பெனி மீட்டர்கள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி வைப்பது வழக்கம். ஓட்டுகிறவரைக் காப்பாற்றும் அந்த இடைவெளியை டயர் தின்றுவிடுகிறது. தூரமும் அப்படித்தான். 1000 கிலோமீட்டர் ஓடினால் 946 என்றுதான் ஏறும். மைலேஜ் 12-இல் இருந்து 10 ஆகிவிட்டது என்று மாப்பிள்ளை புலம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அது 10.6. மீதி மீட்டரின் பிழை.

பிரேக்குக்கு வீட்டுக் கதவைக் காட்டினேன். கீல் பக்கம் நான் கை வைத்துத் தடுக்கிறேன், விளிம்பில் நீ தள்ளு என்றேன். கதவு எவ்வளவு அகலமோ அவ்வளவு எளிதாக அவன் ஜெயிப்பான். பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுப்பகுதியில், சாலை இழுப்பது விளிம்பில். விளிம்பு தள்ளிப் போனால், அதே அழுத்தத்துக்குப் பிடிமானம் குறையும். இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போட்டு இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோமே, அந்தப் பிடியும் அதே அளவு தளரும்.

மாப்பிள்ளை காப்பியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கு மலையிலங்க அத்தை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு அவரே, "யாராவது தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாங்களா?" என்றார்.

நாமக்கல் லாரி ஊர். டயர் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். இப்போது தலை நரைத்துவிட்டது, ஆனாலும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, முதலில் பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைத் தொட்டார். அது பழைய அளவு.

"சார், பஞ்சர் ஆனா இதை மாட்டிட்டு, சேத்துல நாலு சக்கர இழுவையைப் போடுவீங்க. இந்த வண்டியில அப்படிப் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்துல சுத்தணும். ஒரு சக்கரம் சின்னதா இருந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறுக்கும். இறுகலான தரையில கியர்பெட்டிக்குச் செலவு வெச்சிரும்."

அடுத்து ரிம். ரிம் நடுவில் ஹப்போடு சேரும் தட்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஆஃப்செட் என்கிறார்கள். புது ரிம்மில் அது மாறியிருந்ததால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பார்க்க மிடுக்குதான். ஆனால் பேரிங்குக்குக் கூடுதல் பாரம், பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும், ஒடிக்கும்போது உள் பிளாஸ்டிக்கில் உரசும். மலையில் கேட்ட 'கர்ர்' அதுதான். உரசிய இடத்தில் டயரின் தோள்பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தது. நட்டுகளையும் சோதித்தார். இரண்டு நட்டுகள் கால் சுற்று இறுகின. புது ரிம் போட்டால் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டுமாம். கடையில் யாரும் சொல்லவில்லை.

சக்கரத்தைக் கழற்றித் தராசில் வைத்தார். பழையது 28 கிலோ, புதியது 39. அந்த எடை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, சுற்றுகிறது. கிளப்பவும் நிறுத்தவும் பாடு. "பல்லு டயர் சேத்துக்குங்க டீச்சர். ஈரத் தார்ல ரப்பர் படுற இடமே கம்மி" என்றார்.

பெரிய டயரே தப்பு என்று நான் சொல்லவில்லை. பாறையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவை. பின் அச்சின் குண்டுப் பகுதியைத் தரையிலிருந்து உயர்த்த டயரால்தான் முடியும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்புதான் உயரும், அச்சு அங்கேயே இருக்கும். ஆனால் ஜீப் நிறுவனம் தன் ரூபிகான் வண்டிக்குப் பெரிய டயர் தரும்போது, அச்சின் கியர் விகிதத்தையும் 4.10 என்று அதற்கேற்ப வைத்தே தருகிறது. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும். நாம் டயரை மட்டும் மாற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் கேள்வி வரலாம். ஆசைப்பட்டால் கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்குள்ளேயே சேற்றுக்கும் சாலைக்கும் பொதுவான நல்ல டயர் கிடைக்கிறது.

அன்றே பழைய சக்கரங்களை மாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் பேரன் சாக்பீஸோடு ஓடி வந்தான். மறுபடி கோடு, மறுபடி டேப். 2 மீட்டர் 41 சென்டிமீட்டர். "பதினாலு சென்டிமீட்டர் அம்மாச்சி!" என்று கத்தினான். ஒரு சுற்றுக்குப் பதினான்கு. மலையில் எங்களுக்கும் பேருந்துக்கும் நடுவே இருந்தது ஒரு முழம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் மாப்பிள்ளை, அந்தச் சக்கரங்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். ஈரோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர், புதிதாகத் தார் வாங்கியவராம்.

"இந்தக் கணக்கெல்லாம் அவர்கிட்ட சொன்னீங்களா மாப்பிள்ளை?"

அவர் பதில் சொல்லவில்லை. முதல் நாள் வாசலில் "ரொம்ப நல்லா இருக்குது" என்று சொன்னவள் நான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தம்பி கண்ணில் படும்வரை பகிருங்கள். தம்பி, டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஸ்டெப்னியை அளந்து பாருங்கள். நட்டுகளை இறுக்குங்கள். மலை இறங்கும் முன் யாரெல்லாம் பின்சீட்டில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.