அம்மாச்சி தொடுத்த வழக்கு

வழக்கு என்றதும் நம்மில் பலருக்கும் பாண்டியன் சபையில் சிலம்பேந்தி நின்ற கண்ணகி நினைவுக்கு வருவாள். இல்லையேல் திரைப்படங்களில் கறுப்பு அங்கி அணிந்தோர் மேசையைத் தட்டிப் பேசும் காட்சி நினைவுக்கு வரும். எழுபத்தொரு வயதான ஒரு மூதாட்டி, கையில் மஞ்சள் பையுடன், வழக்கறிஞர் எவருமின்றி, ஒரு வங்கியின்மீது வழக்குத் தொடுக்க இயலும் என்பது முன்பு எங்களுக்கே தெரியாது. தெரிந்துகொண்ட விதத்தை எழுதினால் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்று தமிழாசிரியை கூறியதால் எழுதத் துணிந்தோம். இது ஒருவர் செய்த காரியம் அன்று. அம்மாச்சி, அம்மா, அண்ணன், கடைக்குட்டி என நால்வரும் சேர்ந்து செய்தது. ஆகவேதான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், சனிக்கிழமை. பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்குமாகப் பத்தாயிரம் ரூபாய் எடுக்க அம்மாச்சி ஏ.டி.எம்.முக்குச் சென்றார்கள். தாத்தா மறைந்தபின் வரும் குடும்ப ஓய்வூதியம் அந்தக் கணக்கில்தான் சேருகிறது. அண்ணன் துணைக்குப் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். அட்டையைச் செருகி, இரகசிய எண்ணை அம்மாச்சியே அழுத்தினார்கள். இயந்திரம் நோட்டு எண்ணும் ஓசை கேட்டது. பணம் வரவில்லை, சீட்டும் வரவில்லை. பத்தாயிரம் கழிக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் கைப்பேசிக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது. அம்மாச்சி வெளியே வந்து விவரம் சொன்னதும், அண்ணன் உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினான். அந்த ஒரு நிமிடம்தான் பின்னர் எங்களைப் படாத பாடு படுத்தியது.

திங்கட்கிழமை கிளைக்குப் போனபோது, "தானே திரும்ப வந்துவிடும், போய் வாருங்கள்" என்றார்கள். பெரும்பாலும் அப்படித்தான் வருமாம். அந்த ஆண்டு கடும் வெயிலால் பள்ளி திறப்பது ஜூன் 12க்குத் தள்ளிப் போயிற்று. எங்களுக்கு அது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. ஆனால் பணம் வரவில்லை. மூன்றாம் முறை சென்றபோது அங்கிருந்த அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "பணம் வெளியே வந்ததாகத்தான் பதிவாகியிருக்கிறது. கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும். உங்களுக்குப் பின்னால் உள்ளே போனது உங்கள் பேரன்தானே அம்மா? வீட்டிலேயே விசாரித்துப் பாருங்களேன்" என்றார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. மிகவும் கனிவாகத்தான் சொன்னார். பேரன் உள்ளே போனதை அவருக்குச் சொன்னதே அம்மாச்சிதான். எதையும் மறைக்கவேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

அன்றிரவு வீட்டில் யாரும் அண்ணனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் யாரும் அவன் முகத்தையும் பார்க்கவில்லை. செபமாலை முடிந்ததும் அவன் தன் பாலிடெக்னிக் பையை எடுத்துவந்து, அம்மாவின் முன்னால் தலைகீழாகக் கொட்டினான். நோட்டுப் புத்தகம், அளவுகோல், பேருந்துச் சீட்டுகள், பதினேழு ரூபாய்ச் சில்லறை. ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். அம்மா விம்மி அழுதார்கள். அம்மாச்சிதான், "பத்தாயிரம் போனாப் போகுது. எம் பேரனுக்கு விழுந்த இந்தப் பேரை நான் விடமாட்டேன்" என்றார்கள். பின்பு, லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வருகிற கைம்பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத ஒரு நடுவரிடம் ஓயாமல் போய் நின்று நியாயம் வாங்கினாளே, அவளைப் பற்றி.

எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் சட்டம் படித்தோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலில் 1986 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதனால்தான் அந்நாள் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பிறகு அதற்குப் பதிலாக 2019இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கடையில் வாங்கும் பொருளுக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைத்திருந்தோம். வங்கித் தொழிலும் 'சேவை' என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வங்கியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே ஓடவேண்டியதில்லை. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இன்னொன்றும் அவர் காட்டினார். அதைப் படித்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. 2019 செப்டம்பர் 20ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே அதைத் திருப்பி வரவு வைக்கவேண்டும். தவறினால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு தரவேண்டும். இதை நாம் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. இவ்வளவு தெளிவான விதி இருக்க, கிளையில் ஒருவர்கூட அதைப்பற்றி வாய் திறக்கவில்லையே!

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் வழியும் உண்டு. முதலில் வங்கிக்கு எழுதி, முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ அங்கே போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை. பணம் மட்டும் வேண்டுமென்றால் நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம். அம்மாச்சிக்கோ நேரில் நின்று கேட்கவேண்டியிருந்தது.

ஜூன் மாதம் முடிவதற்குள் வங்கிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். எங்களில் கையெழுத்து நன்றாக உள்ளவள் கடைக்குட்டி ஆதலால் எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. மூன்று பொருள்களைக் கேட்டிருந்தோம்: இயந்திரத்தின் அன்றைய பதிவு, அன்று மாலை இயந்திரத்தில் மிஞ்சிய பணத்தை எண்ணிய கணக்கு, அறையிலுள்ள காமிராவின் படப்பதிவு. படப்பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் எழுதினோம். இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவர் எழுத்தர்தான். பின்னால் வழக்கே அந்த வரியில்தான் நின்றது. ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. பணம் வழங்கப்பட்டுவிட்டது என்று ஒரே வாக்கியம்.

2023 டிசம்பர் 11ஆம் நாள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீட்டைத் தாக்கல் செய்தோம். தமிழிலேயே எழுதி, தட்டச்சு செய்து, கணக்குப் புத்தகம், கைப்பேசிச் செய்தி, கடிதம், ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வரிசை எண் இட்டு இணைத்தோம். நகலெடுத்ததற்கும் தட்டச்சுக்கும் ஆனதுதான் செலவு. எதிர்தரப்பு முப்பது நாளில், மிஞ்சினால் இன்னும் பதினைந்து நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். நாற்பத்து நான்காம் நாள் தந்தார்கள்! அதன்பிறகு வாய்தா, வாய்தா, மேலும் வாய்தா. வங்கியின் வழக்கறிஞருக்கு ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வேறு நீதிமன்றம். அம்மா ஒவ்வொரு முறையும் தையல் கடையில் அரைநாள் விடுப்புக் கேட்கவேண்டும். அம்மாச்சி மட்டும் அலுத்துக்கொள்ளவில்லை. காலையிலேயே கிளம்பி, புளியோதரைப் பொட்டலத்துடன் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

விசாரணை நடந்த நாள் விடுமுறை ஆதலால் நாங்கள் நால்வரும் போயிருந்தோம். திரைப்படத்தில் வருவதுபோல் கூண்டு இல்லை. ஒரு சாதாரண அறைதான். வங்கியின் வழக்கறிஞர் இயந்திரத்தின் பதிவைக் காட்டி, பணம் வெளிவந்துவிட்டது, மனுதாரரின் பேரன் பின்னால் நுழைந்திருக்கிறான் என்று வாதாடினார். அண்ணன் தலைகுனிந்து நின்றான். அம்மாச்சி எழுந்தார்கள். "ஐயா, எம் பேரன் உள்ளே போனான்னு நான்தான் சொன்னேன். அவன் எடுத்திருந்தா காமிராவிலே தெரியுமே. அந்தப் படத்தைத்தானே நாங்க ஆறு மாசத்துக்கு முன்னாடியே கடுதாசியிலே கேட்டோம்? காட்டச் சொல்லுங்க. எடுத்திருந்தா நானே அவனைப் போலீஸிலே ஒப்படைக்கிறேன்" என்றார்கள். அறை சற்றுநேரம் அமைதியாயிற்று. ஆறு மாதமன்று, ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்நேரத்தில் அதைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆணையத்தின் பெண் உறுப்பினர் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். படப்பதிவு எங்கே என்று கேட்டார். தொண்ணூறு நாளில் அழிந்துவிடும் என்று பதில் வந்தது. கடிதம் கிடைத்தது எத்தனையாவது நாள் என்று அடுத்த கேள்வி. இருபத்து மூன்றாம் நாள். அன்று மாலை எண்ணிய பணக் கணக்கு எங்கே? அதுவும் வரவில்லை.

2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. பத்தாயிரம் ரூபாயைத் திருப்பித் தரவேண்டும், ஆறாம் நாளான ஜூன் 9 முதல் முறையீடு தாக்கலான நாள்வரை நாளொன்றுக்கு நூறு வீதம் 186 நாளுக்கு 18,600 ரூபாய், மன உளைச்சலுக்குப் பத்தாயிரம், செலவுக்கு மூவாயிரம். தீர்ப்பு நாள்வரை கணக்கிட்டிருக்கலாமே என்று எங்களுக்கு ஒரு குறை உண்டு. ஆனால் நான்காம் பக்கத்தில், தன் கையிலுள்ள சான்றைக் கேட்டும் தராத வங்கி, முறையீட்டாளரின் பேரன்மீது ஆதாரமின்றிப் பழி சுமத்தியது முறையன்று என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அண்ணன் மூன்று முறை படித்தான். பின்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வந்தான். அன்றிரவு நெடுநாளைக்குப்பின் எல்லாரோடும் உட்கார்ந்து மூன்று தோசை அதிகம் சாப்பிட்டான்.

வங்கி மேல்முறையீடு செய்யவில்லை. மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகவேண்டுமானால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டவேண்டும் என்று எழுத்தர் சொன்னார். நாற்பத்தொன்றாம் நாள் பணம் கணக்கில் சேர்ந்தது.

சென்ற மாதம் அடுத்த தெருவிலிருந்து ஓர் ஆயா அம்மாச்சியைத் தேடி வந்தார்கள். இயந்திரத்தில் ஐயாயிரம் ரூபாய் இதேபோல் போய்விட்டதாம். அவர்களுடைய மருமகள்மேல் சந்தேகமாம். அம்மாச்சி அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, முதலில் கேட்ட கேள்வி: "அது என்ன தேதி, யக்கா?" கடைக்குட்டி நாட்காட்டியை எடுத்து வந்தாள்.